பொருநை (தாமிரபரணி) நாட்டுக்கே உரிய கலப்பு விலங்குகளை மேசை ஆட்டத்துக்கு எப்படி உருவாக்குவது?

பொருநைத்துறை (பாளையங்கோட்டை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் நண்பர்கள் நால்வருக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதை சொல்லிப் பகடை உருட்டும் மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து ஆட்டம் நடத்தி வருகிறேன். கதை நடக்கும் நாடு கற்பனையானது என்றாலும் அதன் நிலம் முழுவதும் நம்முடையது. மேற்கே மழைமேகம் விலகாத மலைக்காடு, அங்கிருந்து இறங்கும் வற்றாத ஆறு, ஆற்றின் இரு கரையிலும் வயலும் கால்வாயும் குளமும், தெற்கே செம்மணல் தேரி, கிழக்கே முத்தும் சங்கும் எடுக்கும் கடல் என ஐந்து நிலமும் அருகருகே கிடக்கும் சீமை இது என்பதால், வரைபடம் வரைவதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

சிரமம் விலங்குகளில்தான். கிரிஃபினும் கைமேராவும் மாண்டிகோரும் வேறு நாட்டுக் கதைகளில் பிறந்தவை. அவற்றைப் பொதிகை அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் மண்ணோடு ஒட்டுவதில்லை. மேலும், என் ஆட்டக்காரர்கள் அவற்றின் பலவீனங்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆகவே நானே சில விலங்குகளை வரைந்து வைத்திருக்கிறேன். புலித் தலையும் முதலை உடலும் கொண்ட ஒன்று, கூழைக்கடாவின் அலகுப் பையுடன் கூடிய நீர்நாய் ஒன்று, அலங்கின் (எறும்புதின்னியின்) செதிலும் விரியன் பாம்பின் உடலும் கொண்ட ஒன்று. இவற்றை வருணிக்கும்போது எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் பகடையை உருட்டத் தொடங்கியதும் எல்லாமே வெட்டி வீழ்த்த வேண்டிய சதையாக மாறிவிடுகின்றன, அடுத்த வாரம் பேரைக் கேட்டால் ஒருவருக்கும் நினைவில்லை.

இரண்டு விலங்குகளைச் சேர்த்தால் மூன்றாவதாகத் தனி உயிர் ஒன்று பிறக்க வேண்டும். அதற்கு என்ன வழி? யாளியையும் மற்றக் கோயில் சிற்ப விலங்குகளையும் எந்த அளவுக்கு எடுத்தாளலாம்? சுடலைமாடன், இசக்கி போன்ற தெய்வங்களைக் கதைக்குள் கொண்டுவருவது முறைதானா? ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் அனைத்தும் மூன்றாம் நிலையில் (லெவல் 3) இருக்கின்றன. அதற்கேற்ற வலுவை எப்படிக் கணக்கிடுவது? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

தேரிக்காட்டான் (திசையன்விளை) எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் மூன்றாவது வரைவைக் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு விலங்கு எதைத் தின்கிறது, எங்கே உறங்குகிறது, யாருடைய பிழைப்பில் கை வைக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் அதன் தலையும் வாலும் எப்படி இருக்க வேண்டும் என்று நான் யோசிக்கத் தொடங்குவேன். புலி முதலைக்கு அந்த விடைகள் இல்லை. புலியும் பதுங்கிப் பாய்வது, முதலையும் பதுங்கிப் பாய்வது. இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது இன்னும் கொஞ்சம் பெரிய பாய்ச்சல் மட்டுமே. அலங்கையும் விரியனையும் சேர்க்கும்போது இரண்டிலுமே இல்லாத ஒரு திறன் பிறக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அலங்குக்குப் பல் கிடையாது. நீண்ட, பசையுள்ள நாக்கினால் கறையானையும் எறும்பையும் எடுத்துத் தின்னும். இரவில் நடமாடும், முன்னங்கால் நகங்களால் மண்ணை வாரித் தோண்டும், அச்சம் வந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும், தாய் தன் குட்டியை வாலின் அடிப்பகுதியில் சுமந்து செல்லும். சுருட்டை விரியனோ உடலை மடித்துச் செதிலோடு செதிலை உரசி, காய்ந்த சட்டியில் நீர் தெளித்தாற்போன்ற சீற்றத்தை எழுப்பும். அலங்கின் தடித்த செதில்கள் அதே முறையில் உரசிக்கொண்டால் என்ன ஓசை வரும்? காற்றில் மணல் ஓடும் ஓசை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து ஆனியிலும் ஆடியிலும் தேரி மணலைப் புரட்டிப் போடும்போது, அந்த இரைச்சலுக்குள் இந்த விலங்கின் ஓசை மறைந்துவிடும். காற்று நின்ற நொடியில் மட்டும் அது வெளிப்பட்டுவிடும்.

இதை விதியாக எழுதுவது எளிது. காற்று வீசும் சுற்றுகளில் விலங்கைக் கண்டறிவதற்கான பர்செப்ஷன் (கவனிப்பு) சோதனைகள் அனைத்தும் டிஸ்அட்வான்டேஜுடன், அதாவது பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளும் முறையில் நடக்கும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நீங்கள் ஓர் ஆறு முகப் பகடையை உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் அந்தச் சுற்றில் காற்று ஓய்ந்திருக்கும், விலங்கு மறைய முடியாது. ஆட்டக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டால், கண்டபடி வாளை வீசுவதை விட்டுவிட்டுக் காற்று ஓயும் தருணத்துக்காகக் காத்திருப்பார்கள். அதுவரை மேசையில் யாரும் பேசமாட்டார்கள்.

இனி அது யாருடைய பிழைப்பில் கை வைக்கிறது என்று பாருங்கள். பனை வேர்களுக்கிடையே கறையானைத் தேடி அது மணலைக் குடைவதால் மரங்கள் பிடிமானம் இழந்து சாய்கின்றன. பதநீர் இறக்கும் பருவத்தின் கடைசி மாதங்களும் காற்றடிக்கும் மாதங்களும் சேர்ந்தே வருவதால், பனையேறிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. ஆனால் விலங்கு மனிதரைத் தின்பதில்லை. வாலடியில் குட்டி இருக்கும்போது யாராவது நெருங்கினால் மட்டுமே தாக்குகிறது. இந்த நிலையில் அதைக் கொல்வதா, வேறு தேரிக்கு விரட்டுவதா, காய்க்காத அலகுப்பனைத் தோப்பு ஒன்றை அதற்கென்றே விட்டுவிடுமாறு ஊராரிடம் பேசிப் பார்ப்பதா என்று உங்கள் நால்வரும் தமக்குள் வாதிட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலங்கைக் காட்டுவதற்கு முன் அதன் தடயங்களைப் பொறுமையாகக் காட்டுங்கள். ஒரே திசையில் சாய்ந்த ஏழெட்டுப் பனைகள், உள்ளிருந்து உடைக்கப்பட்ட கறையான் புற்று, காற்றின் திசைக்குக் குறுக்கே ஓடும் மணல் வரி, இவை போதும். முதிய பனையேறி ஒருவர் மரத்தில் கால் வைப்பதற்கு முன் பாளை அரிவாளின் பிடியால் அடிமரத்தைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குப் போகட்டும். ஏன் என்று கேட்கும் ஆட்டக்காரருக்கு மட்டும் விடை கிடைக்கட்டும்.

மண்டபத்தூண் (ஸ்ரீவைகுண்டம்) எழுதியது:

சிற்பங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் சிற்பிகள் கலப்பு உருவங்களைச் செதுக்கிய முறையை அருகில் நின்று பார்ப்பதே முதல் பாடம். யாளித் தூணின் முன் நின்று, சிங்க உடலும் யானைத் துதிக்கையும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று தேடிப் பாருங்கள். பிடரி மயிரின் சுருள்களும் கழுத்து மணிகளும் அந்த இடத்தை மூடியிருக்கும். கண் தோளிலிருந்து முகத்துக்கு எங்கும் தடைபடாமல் ஏறிவிடும். தாராசுரத்தில் உள்ள ரிஷபகுஞ்சரத்தில் இதைவிட நுட்பமான வேலை இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் அங்கே ஒரே தலைதான். ஒரு பக்க உடலை மறைத்துப் பார்த்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. நீங்கள் வருணிக்கும்போதும் "புலித் தலை, முதலை உடல்" என்று துண்டு துண்டாகச் சொல்லாமல், இரண்டுக்கும் பொதுவான ஓர் உறுப்பிலிருந்து தொடங்கினால் கேட்பவர் மனத்தில் முழு உயிராக எழும்.

ஆயினும் உருவத்தைவிட முக்கியமான பாடம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சிறிது தொலைவிலேயே இருக்கும் வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் வீமனையும் புருஷாமிருகத்தையும் பார்த்திருப்பீர்கள். மனித முகமும் விலங்கு உடலும் கொண்ட புருஷாமிருகத்தைப் படைவலிமையால் வெல்ல முடியாது. வேகத்தால் அதை முந்தவும் முடியாது. ஆனால் அது தீவிர சிவபக்தன். அது துரத்த, ஓடும் வீமன் கையிலிருக்கும் உருத்திராட்சத்தை ஒவ்வொன்றாகக் கீழே போட, அந்த உருத்திராட்சம் லிங்கமாக மாற, வழிபாட்டை முடிக்காமல் புருஷாமிருகத்தால் ஓர் அடி நகர முடிவதில்லை. குமரி மாவட்டத்தில் சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்துக்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கடைசியில் வீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளேயும் மறுகால் வெளியேயும் இருக்கும்போது அவன் பிடிபடுகிறான். வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்றும் பாராமல் அவர் பாதி உடல் புருஷாமிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொல்கிறார்.

ஆட்ட நடத்துநரின் கண்ணோடு இதைப் பாருங்கள். பகையை நிறுத்தும் வழி அதன் பண்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த வழிக்கு ஓர் அளவு இருக்கிறது, உருத்திராட்சம் தீர்ந்துவிடும். எல்லை இருக்கிறது, எல்லையில் தகராறு இருக்கிறது, தகராறுக்கு நடுவர் இருக்கிறார். இவ்வளவுக்கும் ஒரு வெட்டுக் காயம்கூட இல்லை. புருஷாமிருகத்தையே எதிரியாக வைக்க வேண்டாம். அதன் கதைக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு விலங்குக்குப் பொருத்துங்கள். சங்கப் பாடல்களில் வரும் அசுணம் என்ற உயிரும் இதே வகைதான். யாழிசையில் மயங்கி வரும், பறையொலி கேட்டால் உயிர் விடும். நற்றிணையின் 304 ஆம் பாடலில் தலைவனின் மார்பு, இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவதால் அசுணம் கொல்பவரின் கைக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. உங்கள் குழுவில் பார்ட் (இசைப்பாணர்) வகுப்பைச் சேர்ந்த பாத்திரம் இருந்தால், அன்பாக அழைக்கவும் அதே கையால் கொல்லவும் முடியும் என்ற நிலையில் அவரை நிறுத்தலாம்.

தெய்வங்களைப் பற்றிய கேள்விக்கு என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் சொரிமுத்து அய்யனாருக்கும் இன்றும் கொடை நடக்கிறது, வில்லுப்பாட்டு நடக்கிறது. உங்கள் மேசையைச் சுற்றி இருப்பவர்களிலேயே ஒருவருக்கு அவர்கள் குலதெய்வமாக இருக்கக்கூடும். அவர்களுக்கு ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய சேத அளவு) எழுதுவது முறையாகாது. உங்கள் கற்பனை நாட்டுக்கு நீங்களே ஒரு காவல் சக்தியைப் படைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போரிட்டு வெல்லும் பொருளாக இல்லாமல், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டிய உறவாக இருந்தால் நம் ஊர் வழக்கத்துக்குப் பொருந்தும்.

இருபதுமுகம் (தென்காசி) எழுதியது:

முன்னவர்கள் இருவரும் சொன்னதற்கு ஆட்ட வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். ஆந்தைக்கரடியான அவுல்பேரும், இரும்பைத் துருவாக்கும் ரஸ்ட் மான்ஸ்டரும் ஹாங்காங்கில் செய்யப்பட்ட மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து பிறந்தவை. கேரி கைகாக்ஸ் அந்த விநோத உருவங்களை மேசையில் வைத்து ஆடி, அவற்றுக்குக் குணமும் செயலும் கொடுத்தார். 1974 இல் வெளிவந்த ஆட்டத்துக்கு 1975 இல் வந்த துணை நூலில் அவுல்பேர் இடம்பெற்றுவிட்டது. ரஸ்ட் மான்ஸ்டரின் உருவத்தை யாரும் சரியாக நினைவில் வைத்திருப்பதில்லை. அது தொட்டால் கவசம் துருப்பிடிக்கும் என்பதை மட்டும் ஆடியவர்கள் யாரும் மறப்பதில்லை.

இனி கணக்கு. 2014 ஆம் ஆண்டு விதிகளில் அவுல்பேரின் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட எட்ட வேண்டிய எண்) 13, ஹிட் பாயிண்ட் 59, சேலஞ்ச் ரேட்டிங் (வலு மதிப்பு) 3. உங்கள் நால்வரும் தாக்கும்போது பகடையில் விழும் எண்ணுடன் 5 ஐக் கூட்டுவதாகவும், ஓர் அடிக்கு எட்டு முகப் பகடையும் கூடுதலாக 3 உம், அதாவது சராசரி 7.5 சேதம் செய்வதாகவும் கொள்வோம். 13 ஐ எட்ட இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 65 சதவீதம். நால்வர் சேர்ந்து ஒரு சுற்றில் சராசரியாக 19.5 சேதம் செய்வார்கள். ஏறத்தாழ மூன்று சுற்றில் அவுல்பேர் விழுந்துவிடும்.

தேரிக்காட்டான் சொன்ன தேரி அலங்குக்குச் செதில் இருப்பதால் ஆர்மர் கிளாஸை 19, 20 என்று ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். 20 ஐ எட்ட 15 விழ வேண்டும், வாய்ப்பு 30 சதவீதம்தான். பத்து முறை உருட்டினால் ஏழு முறை "படவில்லை" என்று கேட்கும் ஆட்டக்காரர் கைப்பேசியை எடுத்துவிடுவார். ஆர்மர் கிளாஸை 15 இல் நிறுத்தி ஹிட் பாயிண்ட்டை 66 ஆக்குங்கள். வாய்ப்பு 55 சதவீதம், நால்வரின் சுற்றுச் சேதம் 16.5, நான்கு சுற்றுகள் நிற்கும். செதிலின் பெருமையை வேறு வழியில் காட்டலாம். சுருண்டிருக்கும்போது வெட்டும் குத்தும் பாதிச் சேதமே தரும், ஆனால் அந்நிலையில் அதனால் தாக்கவோ நகரவோ முடியாது.

தனி விலங்கு ஒன்று நால்வரை எதிர்கொள்ளும்போது அது ஒருமுறை செயல்படுவதற்குள் எதிரணி நான்கு முறை செயல்பட்டுவிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இதைச் சரிசெய்யச் சேதத்தை ஏற்றுவது ஆபத்தான வழி. அவுல்பேரின் அலகும் நகமும் ஒரே சுற்றில் பட்டால் சராசரி 24 சேதம். மூன்றாம் நிலைப் போர்வீரர் ஒருவருக்கு இருப்பதே 28 அளவில்தான். அதற்குப் பதிலாக, ஓர் ஆட்டக்காரரின் முறை முடிந்ததும் மணலுக்குள் பத்து அடி நழுவும் உரிமையைச் சுற்றுக்கு ஒருமுறை கொடுங்கள். யாரும் சாகமாட்டார்கள், ஆனால் விலங்கு நின்ற இடத்தில் நிற்காது.

பொருநைத்துறை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புலி முதலையை நீக்கிவிட்டேன். மலைக்காட்டுக்கு இருவாச்சியையும் யாளியையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு பிளவின் வழியே இரை ஊட்டும் என்பதால், வெளியே திரியும் ஆணை ஆட்டக்காரர்கள் கொன்றுவிட்டால் அடைபட்ட பொந்துக்குள் காத்திருக்கும் தாயும் குஞ்சும் என்ன ஆகும் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. குளத்துக்கு உரிய கூழைக்கடா நீர்நாய் மட்டும் இன்னும் உயிர் பெறவில்லை. மீனைத் தின்கிறது, குளத்தில் வாழ்கிறது, மீன் குத்தகைக்காரர்களுக்கு நட்டம் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. கடைசியாக ஒன்று: இவற்றைத் தொகுத்து ஒரு சிறு பிடிஎஃப் ஆக மற்றவர்களுக்கும் கொடுக்க விரும்புகிறேன்; உரிமைச் சிக்கல் எதுவும் வருமா?

குளத்தங்கரை (நாங்குநேரி) எழுதியது:

ஐயா, நட்டத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதால்தான் தடைபடுகிறது. கூந்தன்குளத்துக்கு ஒருமுறை தை, மாசி மாதங்களில் வந்து பாருங்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டுமின்றித் தெருவோர மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டியிருக்கும். பறவைகள் அஞ்சி ஓடிவிடக் கூடாது என்று ஊரார் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. மனிதருக்கும் பறவைக்கும் அங்கே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

உங்கள் விலங்கையும் ஊர் காக்கும் விலங்காக மாற்றிவிடுங்கள். அது மீனைத் தின்றாலும் அதன் எச்சத்தால்தான் கீழ்மடை வயல்கள் விளைகின்றன. வெளியூர் மீன் குத்தகைக்காரர் ஒருவர்தான் அதைக் கொல்ல உங்கள் ஆட்டக்காரர்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். நீர்நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைக்கும், கூழைக்கடாக்களும் வரிசை கட்டி மீனைக் கரையோரம் ஒதுக்கும். ஆகவே இதைத் தனி விலங்காக எழுதாமல் ஆறேழு கொண்ட கூட்டமாக எழுதுங்கள், ஒவ்வொன்றின் வலுவும் குறைவாக இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு உயிர்களிடம் ஒரே வேட்டைப் பழக்கம் இருப்பது, மண்டபத்தூண் அவர்கள் சொன்ன பொதுத் தலைக்கு ஈடானது. தண்டர்வேவ், ஃபயர்பால் போன்ற ஓசையும் தீயும் எழுப்பும் மந்திரங்களை யாராவது பயன்படுத்தினால் மொத்தப் பறவைக் கூட்டமும் கூட்டை விட்டு எழுந்துவிடும். அந்தப் பருவத்தில் அவை திரும்பி வரமாட்டா. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவரும் ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்று எழுதிவையுங்கள். மூன்றாம் நிலையில் ஃபயர்பால் கிடைக்காது என்பது தெரியும். அவர்கள் ஐந்தாம் நிலைக்கு வந்த பிறகும் இந்த ஊரின் வழியேதான் போக வேண்டியிருக்கும் அல்லவா?

இருபதுமுகம் எழுதியது:

கூட்டமாக எழுதுவதானால் ஒவ்வொன்றுக்கும் ஆர்மர் கிளாஸ் 12, ஹிட் பாயிண்ட் 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதம் ஓர் அடிக்கு 4 ஐத் தாண்ட வேண்டாம். இரண்டு விழுந்ததும் மற்றவை நீருக்குள் மறைந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் கணக்கும் எளிது, கதையும் நிற்கும்.

பிடிஎஃப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 4.0 உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதில் உள்ள விதிகளையும் விலங்குகளையும், உரிமம் கேட்கும் நன்றிக் குறிப்பைச் சேர்த்துவிட்டு, விலைக்கும்கூட வெளியிடலாம். அவுல்பேரும் ரஸ்ட் மான்ஸ்டரும் அதில் இருக்கின்றன; பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் என்ற விலங்குகளின் குறிப்புகள் இல்லை, அவற்றின் பெயரை உங்கள் தொகுப்பில் சேர்க்காதீர்கள். தேரி அலங்கும் இருவாச்சி யாளியும் குளத்துக் கூட்டமும் நம் இழையில் உருவானவை. அவற்றுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தேரிக்காட்டான், குளத்தங்கரை இருவரின் பெயரையும் முதல் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.